முந்தைய பயிர் என்ற கட்டத்தில் ஒரு கோடு

விளாங்குடியில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும், யார் வீட்டு நாய் யாரைத் துரத்தியது என்பதெல்லாம் அதில்தான் ஓடும். போன மாதம் எதிர்வீட்டு ஆசிரியை அதில் ஒரு படம் போட்டார். மொட்டை மாடியில் ஆறு காலி பெயின்ட் வாளிகள். பக்கத்தில் ஒரு தட்டில் நான்கு இலை விட்ட மிளகாய்க் கன்றுகள். கீழே, "இதுக்கு என்ன மண் போடலாம்? மாரிச்சாமி சார் சொல்லுங்களேன், உங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரு கேள்வி.

தெரியாது. முப்பத்து மூன்று வருடம் மண் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். செம்மண் என்று தட்டினேன். எந்த ஊர்ச் செம்மண் என்று கேட்பாரே என்று அழித்தேன். மணல் என்று தட்டினேன். ஆற்று மணலுக்கு இப்போது எங்கே போவது, எம்-சாண்ட் போடலாமா என்று கேட்பார், அதற்கும் என்னிடம் நேரான பதில் கிடையாது, அதையும் அழித்தேன். நான் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்த நேரத்தில் தெருவே பதில் சொல்லி முடித்துவிட்டது. மண்ணே வேண்டாம், தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்குங்கள் என்றார் ஒருவர். நார்த்தூளில் உப்பு, செடி கருகிவிடும் என்றார் இன்னொருவர். மண்புழு உரம், கண்மாய் வண்டல், வெள்ளையாகப் பொரி மாதிரி ஏதோ ஒன்று என்று ஆளுக்கொன்று வந்தது. கடைசியில் தெருக்கோடி வீட்டுக்காரர் எழுதினார்: "சோழவந்தான் கொடிக்கால் மண் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தங்கம்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது அவருடைய வாக்கியம் இல்லை. என்னுடையது. வேலையில் இருந்தபோது பத்து வருடம் ஆய்வக வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் சொன்னது, சுற்றிச் சுற்றி என் போனுக்கே வந்துவிட்டது.

இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளும் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அனுபவம் என்றால் எனக்கு அந்தத் தங்கம்தான் நினைவுக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன். எழுதி முடித்தால் எனக்காவது தெளியுமா என்று பார்க்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைக்கு. முதல் இரண்டு வருடம் கழுவினேன். அடுத்து மண் காய வைக்கக் கற்றேன், பிறகு சலிக்க, பிறகு கருவி பார்க்க. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். ஊர் ஊராக மண் வந்தது. பேரையூர்ப் பக்கத்துக் கரிசலைக் கையில் எடுத்தால் இரண்டு நாளைக்கு நகக்கண்ணில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எந்தப் பக்கத்து மண் என்று சொல்வேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். பாதி தடவை தவறாகத்தான் சொல்வேன், யாரும் சரிபார்த்ததில்லை.

என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் கணேசமூர்த்தி சார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவரோடு குப்பை கொட்டுவது லேசான காரியமில்லை. காரணம், அவர் வாயில் ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. எதைக் கேட்டாலும் "இருக்கலாம்." ஒரு தடவை பேரையூர் விவசாயி ஒருவர், தன் நிலத்தில் பருத்தி வருமா வராதா என்று கேட்டார். சார் மண்ணைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், டீயைக் குடித்தார், "வரலாம்" என்றார். அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதைக் கேக்கவா நான் ரெண்டு பஸ்சு மாறி வந்தேன்?" என்று போனார். எனக்கும் அன்றைக்கு அதே எரிச்சல்தான்.

ஆனால் சாரிடம் ஒரு முறை இருந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மண் வந்தால் முதலில் நிழலில் காய வைப்போம். வெயிலில் போட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார். மரச் சுத்தியால் தட்டி, சலித்து, பதிவேட்டில் ஏற்றி, அப்புறம்தான் பரிசோதனை. கார அமில நிலை, உப்பு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் என்று எண்கள் வரும். எண்களை அட்டையில் எழுதி அவர் மேசையில் வைப்பேன். நாங்கள் எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்போம். அவர் பார்க்க மாட்டார். இடது கை ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் 'முந்தைய பயிர்' என்ற கட்டத்தின் மேல் வைப்பார். அந்த இடத்தில் முன்பு என்ன விளைந்தது என்று எழுதுகிற கட்டம் அது. அதை நிதானமாகப் படிப்பார். அதற்குப் பிறகுதான் எண்ணுக்கே போவார், கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன். "எண்ணு பொய் சொல்லாது மாரிச்சாமி. ஆனா நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

இதற்கிடையில் ஊரில் மாடித்தோட்டம் வந்தது. கேரி பேக்கில் தொட்டி மண்ணைக் கட்டிக்கொண்டு வங்கி ஊழியர், வாத்தியார், அர்ச்சகர் என்று வர ஆரம்பித்தார்கள். எங்களிடம் இருந்ததோ வயலுக்கான படிவம். சர்வே எண் என்ன, பாசனம் எது, முந்தைய பயிர் எது? தொட்டிக்கு ஏது சர்வே எண்? ஆய்வகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அந்தக் கட்டங்களில் எல்லாம் ஒரு கோடு இழுத்துவிடுவேன். சார் இரண்டு தடவை கோட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "தொட்டி மண்ணு சார்" என்றேன். சரி என்று தலையசைத்தார். அதன் பிறகு கேட்கவில்லை. நானும் கோடு இழுப்பதை நிறுத்தவில்லை.

தொட்டி மிளகாய் சின்ன வயதில் பெரிய வம்பு பிடித்தது. வேரில் தண்ணீர் நின்றால் அழுகும். மண் இறுகினால் மூச்சு முட்டும். உரம் கூடினால் இலை மட்டும் தளதளவென்று வரும். அப்படிப்பட்ட கன்றுக்குக் கொடிக்கால் மண்ணை நான் சிபாரிசு செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. கொடிக்கால் என்பது வெற்றிலைத் தோட்டம். வருடக்கணக்காக எருவும் வண்டலும் போட்டுப் போட்டு அந்த மண் கறுத்து மெத்தென்று இருக்கும். ஈரத்தோடு ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கித் திறந்தால் பொலபொலவென்று உதிரும். பரிசோதித்தால் ஒவ்வொரு எண்ணும் வரிசையாக 'நன்று'. நான் எப்படித் தங்கம் என்று சொல்லாமல் இருப்பேன்?

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. அலுவலகத்தின் பின்பக்கம் நிழல்வலைக் கூடாரம் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பத்துப் பெண்கள் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனையாகக் கொடுத்தார்கள். மாடித்தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க மிளகாய்க் கன்றுகளைச் சின்னப் பைகளில் வளர்க்க வேண்டும். மேலிடத்திலிருந்து பார்வையிட வருவார்கள். கன்று நன்றாக இருந்தால் இடம் அவர்களுக்குத் தொடரும். இல்லையென்றால் பூட்டு.

குழுவுக்குத் தலைவி செல்வராணி. பேரையூர்ப் பக்கம் பிறந்து விளாங்குடியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் இறந்து மூன்று வருடம். ஆறாவது படிக்கும் ஒரு மகள். அவளுடைய நாத்தனார் பஞ்சவர்ணமும் குழுவில் இருந்தாள். முதல் நாளே செல்வராணி என்னிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்: "இது நிலைச்சா எம்மகள என்கூட வச்சுக்குவேன் சார். இல்லைன்னா திருப்பூருதான். அங்க தையல் கம்பெனில எங்க அக்கா இருக்கு. பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போகணும்." எங்களைப் போன்ற அரசாங்க ஆட்களுக்கு இதையெல்லாம் கேட்டால் என்ன செய்வதென்று தெரியாது. "நல்லா வரும்மா" என்றேன்.

மண்ணுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். தங்கத்தைச் சொன்னேன். நான்கே நாளில் இரண்டு கேரி பேக்கோடு வந்தாள். ஒன்று சோழவந்தான் கொடிக்கால் மண். இன்னொன்று அவளுடைய அப்பாவின் புஞ்சையிலிருந்து எடுத்த செம்மண். எதற்கும் இருக்கட்டும் என்று பஞ்சவர்ணம் எடுத்துவரச் சொன்னாளாம், நாலைந்து வருடமாகத் தரிசாகக் கிடந்த இடம். கொடிக்கால் மண் எப்படி இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்று கேட்டேன். "கொடியெல்லாம் வாடி வாடி விழுந்துருச்சாம் சார். தோட்டத்தையே பிரிச்சுப் போட்டுட்டாக. அதான் மண்ணை அள்ளிக்கங்கன்னுட்டாக" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதாப் போச்சு, நமக்கு மண்ணு கிடைச்சுச்சு" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

இரண்டையும் பரிசோதித்தேன். கொடிக்கால் மண், எல்லாக் கட்டத்திலும் நன்று. செம்மண்ணில் கரிமச் சத்து குறைவு, தழைச்சத்து குறைவு. 'நாற்றுக்கு உகந்ததல்ல' என்று என் கைப்பட எழுதினேன். மண்ணின் பெயர் 'தொட்டி மண்' என்று மட்டும், முந்தைய பயிர் என்ற கட்டத்தில் வழக்கம்போல இரண்டுக்கும் ஒரு கோடு. சார் கோட்டின் மேல் விரலை வைத்தார், எடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

டிராக்டரில் கொடிக்கால் மண் வந்து இறங்கியது. பைகளில் நிரப்பினார்கள். தட்டில் முளைத்து நான்கு இலை விட்ட கன்றுகளை எடுத்து நட்டார்கள். தலைவி என்பதால் செல்வராணிதான் முதல் கன்றை வைத்தாள், பெரும்பாலான வரிசைகளை அவளே நட்டாள். கடைசியில் இரண்டு வரிசைக்கு மண் போதவில்லை. பஞ்சவர்ணம் யாரையும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று லோடு ஆட்டோவில் வரவழைத்து வைத்திருந்த நாலு மூட்டைப் பேரையூர்ச் செம்மண்ணில் கொஞ்சம் மணலும், பழைய தொழு எருவும், இரண்டு தடவை கழுவிப் பிழிந்த நார்த்தூளும் கலந்து நிரப்பி, அந்த இரண்டு வரிசையையும் தானே நட்டாள். நான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். உகந்ததல்ல என்று எழுதிக் கொடுத்தது எதற்கு என்று கேட்டேன். "மீந்துபோன கன்னுதான சார், கிடந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் கொடிக்கால் மண்ணில் முதல் கன்று சாய்ந்தது. இலை பச்சையாகவே இருந்தது, பூச்சி இல்லை, சுருட்டை இல்லை. மண்ணை ஒட்டிய தண்டு மட்டும் வெந்ததுபோலக் கறுத்து இளைத்திருந்தது. மறுநாள் ஐந்தாறு. அதற்கடுத்த நாள் ஒரு வரிசை. எனக்கு மண்டை காய்ந்தது. பைக்குள்ளிருந்து மண்ணெடுத்துத் திரும்பப் பரிசோதித்தேன். மறுபடியும் எல்லாம் நன்று. ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பா என்று பார்த்தேன், குடிக்கலாம் போலிருந்தது. விதையா, வெயிலா, வலையில் ஓட்டையா? ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாய்ந்த கன்றுகள் நாலைந்தைப் பிடுங்கி நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வரப் பல நாளாகும் என்றார்கள். உகந்ததல்ல என்று நான் எழுதிய மண்ணில் இருந்த இரண்டு வரிசை மட்டும் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது.

கணேசமூர்த்தி சார் வந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் கூடியிருக்குமா சார் என்றேன். "இருக்கலாம்" என்றார். நோயா சார் என்றேன். அதுவும் இருக்கலாமாம். அறைக்குத் திரும்பி, பார்வையிட வருகிறவர்களுக்கான குறிப்பில் பென்சிலால் ஒரு வரி எழுதிவைத்தார்: முறையற்ற நீர் ஊற்றலால் கன்றுகள் இழப்பு. கன்று செத்தால் எழுதுகிற வழக்கமான வரி அது. தண்ணீர் ஊற்றியது செல்வராணி.

குழுவுக்குள் பேச்சு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் விதை போட, நாற்று வைக்கக் கைராசி பார்ப்பார்கள். ராசியான கை என்று பேர் வாங்கியவரைத்தான் முதல் நாற்றை வைக்கச் சொல்வார்கள். பஞ்சவர்ணம் வைத்தது எல்லாம் நிற்கிறது, செல்வராணி வைத்தது எல்லாம் சாகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் கழுத்தில் தாலி இல்லாததையும் அதோடு சேர்த்து முடிச்சுப்போட்டார்கள். நேராக யாரும் சொல்லவில்லை. டீ குடிக்கிற இடத்தில், அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். பஞ்சவர்ணத்துக்கு ராசிக்காரி என்ற பேர் வந்துவிட்டது. பாவம், அதைத் தூக்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தாள்.

ஒரு காலை போனபோது செல்வராணி வலைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விடவில்லையா என்று கேட்டேன்.

"நான் தொடல சார்."

"ஏம்மா?"

"இருக்கதாச்சும் பிழைக்கட்டும்."

கைராசியாவது மண்ணாவது என்று அடித்துப் பேசுகிற தைரியம் எனக்கில்லை. என் எண்கள் எல்லாம்தான் தோற்றுப்போய் நிற்கின்றனவே. என் வீட்டிலும் முருங்கைப் போத்து வைக்க என் தங்கையைத்தான் கூப்பிடுவோம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. வந்ததற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

கன்றுத் தட்டில் மிச்சம் இருபது கன்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு யோசனை. அறிவியல் என்று நினைத்துச் செய்யவில்லை, வேறு வழி தெரியாமல்தான் செய்தேன். கன்று செத்துக் காலியான கொடிக்கால் மண் பைகள் பத்தில் பஞ்சவர்ணத்தை நடச் சொன்னேன். மிச்சமிருந்த செம்மண் கலவையை நிரப்பிய பத்துப் பையில் செல்வராணியை. அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். பஞ்சவர்ணம்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, "நீ வைய்யி மதினி. செத்தா ரெண்டு பேருமே திருப்பூருக்குப் போவோம்" என்றாள். தண்ணீர் விஷயத்தில் பேச்சு வரக்கூடாது என்று இருபதுக்கும் நானே ஒரு சொம்பு வைத்து அளந்து ஊற்றினேன்.

எட்டாம் நாள் பார்த்தேன். ராசிக்காரி வைத்த பத்தில் ஏழு சாய்ந்துவிட்டது. செல்வராணி வைத்ததில் ஒன்பது நின்றது. பத்தாவதை அணில் கடித்ததா, தானே விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடிக்கால் மண்ணில் மூன்று மட்டும் ஏன் நின்றது என்றும் தெரியாது. ஆனால் கையை மாற்றியும் சாவு மாறவில்லை. அது மண் போன இடத்துக்கே போயிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்தது. மண் கொண்டுவந்த அன்றே அவள் சொன்ன வாக்கியம்: கொடியெல்லாம் வாடி வாடி விழுந்துருச்சாம் சார்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆய்வகத்தில் யாரும் இல்லை. பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்து. முந்தைய பயிர், ஒரு கோடு. பார்வையிட வருகிறவர்கள் மறுநாள் வருகிறார்கள். பேனாவைத் திறந்தேன். கோட்டின் மேலேயே 'வெற்றிலை' என்று எழுதினால் நான் கேட்டு எழுதியதாக ஆகும். ஆனால் தெரிந்தே நன்று என்று கொடுத்ததாகவும் ஆகும். எழுதாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் கேட்கவே இல்லை என்று ஆகும். இரண்டையும் விட்டுவிட்டுப் பதிவேட்டை மூடி வைத்தால்? பென்சில் வரி பேனா வரியாகும், அவள் திருப்பூர் போவாள், நான் எட்டு மாதத்தில் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஓய்வு பெறப் போகிறவன் மேல் ஒரு மெமோ விழுந்தால் என்னவெல்லாம் இழுத்தடிக்கும் என்பது அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பயமாக இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் விரல் தானாக அந்தக் கட்டத்துக்குப் போனது.

"இந்த இடத்துல வெத்தலைன்னு எழுதியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா சார்?"

விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "வெத்தலைத் தோட்டமா?"

"கொடி வாடிப்போய்ப் பிரிச்ச தோட்டம் சார். அந்தப் பிள்ளை சொல்லுச்சு. நான்தான் எழுதல."

டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். வெற்றிலைக் கொடியை அடியில் அழுக வைக்கிற பூஞ்சை வகை இளம் மிளகாயையும் பிடிக்கும், மண்ணிலேயே தங்கியிருக்கும், நம் எண்ணில் எதிலும் அது தெரியாது என்றார். தண்ணீர் கூடினால் வேகமாகப் பரவும் என்றும் சொன்னார். அப்படியானால் தண்ணீரும் காரணமா என்று எனக்கு மறுபடி குழம்பியது. நான் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"செல்வராணி மேல தப்பா சார்?"

இருக்கலாம் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பென்சில் வரியை அழித்தார்.

"இல்லை" என்றார். அந்த மனிதர் வாயில் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். பேனாவைத் திறந்து புதிதாக எழுதினார்: மண் தேர்வில் ஆய்வகத்தின் பிழை; நட்டவர் மீதும் நீர் ஊற்றியவர் மீதும் குறை இல்லை. என் பெயரை எழுதுவார் என்று நின்றேன். எழுதவில்லை. "கோட்டுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நானு" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அந்தத் தாளை நகலெடுத்துக்கொண்டு நேரே கூடாரத்துக்குப் போய்ப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்தேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். செல்வராணி தாளை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இம்புட்டு நாளா எம்மகளுக்குத் தலை பின்னி விடவே பயந்துக்கிட்டு இருந்தேன் சார், இந்தக் கையால" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வந்தவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. நான் பயந்த இழுத்தடிப்பு நடந்தது, அதுவும் ஒரு வழியாக முடிந்தது. நின்ற இரண்டு வரிசையையும் குறிப்பில் இருந்த வரியையும் வைத்து அந்தப் பெண்களுக்கு இன்னொரு பருவம் கொடுத்தார்கள். அந்தப் பருவம் பொய்க்கவில்லை, இடமும் அவர்களுக்கே நிலைத்தது. நோயியல் ஆய்வகத்து முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. 'மாதிரி உலர்ந்துவிட்டதால் முடிவு கூற இயலவில்லை' என்று இருந்தது. ஆக, அந்தக் கன்றுகளைக் கொன்றது அதுதான் என்று சத்தியம் செய்ய என்னிடம் காகிதம் எதுவும் கிடையாது. சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

தெருக் குழுவுக்கு வருகிறேன். அன்று மாலை போனை நிமிர்த்தி, ஆசிரியைக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: "வாளியில் போடப்போகிற மண்ணில் முன்பு என்ன இருந்தது?" அவர் ஒரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பினார். தெருக்கோடி வீட்டுக்காரர் தங்கத்துக்கு என்ன குறை என்று கேட்டுச் சண்டைக்கு வந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன்.

செல்வராணி ஒரு சாக்கில் மண் கலந்துகொண்டிருந்தாள். மகள் இப்போது பத்தாவது. நான் போன நேரம் பள்ளிச் சீருடையோடு ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், இரட்டைச் சடை. கலவையில் என்னென்ன என்று கேட்டேன். தரிசுச் செம்மண், மணல், பழைய எரு, கழுவின நார்த்தூள். எதற்காக அந்த அளவு என்று கேட்டேன். "தெரியல சார். செத்ததையெல்லாம் கழிச்சுட்டேன், மிச்சம் இது" என்றாள். முப்பத்து மூன்று வருடத்தில் இதைவிடத் தெளிவாக ஒன்றை நான் எழுதிக் கொடுத்ததில்லை.

ஆசிரியைக்கு ஒரு மூட்டை கலவை கட்டச் சொன்னேன். எனக்கும் சேர்த்து ஒரு பையில் மிளகாய்க் கன்றை எடுத்து நீட்டினாள். நான் வாங்கத் தயங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு இதுவரை நான் வைத்த நாலு தொட்டியும் பட்டுப்போய்விட்டன, காரணம் தெரியவில்லை.

"என் கை எப்பிடியோம்மா" என்றேன்.

"கையில ஒண்ணும் இல்ல சார்" என்று பையை என் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்கதான அன்னிக்குத் தாள்ல படிச்சுக் காட்டினீங்க."